இரண்டு வேல் பொறித்த துப்பாக்கியும் எங்கள் அக்காவும்

மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய கரிசல் ஊர் எங்களுடையது, கழுகுமலைக்குத் தெற்கே. அங்கேதான் அக்கா பிறந்தார். கல்யாணமாகி இரண்டு வெள்ளாமை எடுப்பதற்குள் புகுந்த வீட்டார் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. மறுநாளே அக்கா அப்பாவோடு கடலைக் காட்டுக்குப் போய்விட்டார். அக்கா அழுது யாரும் பார்த்ததில்லை. தங்கை என்னிடமாவது அழுதிருக்கலாம் என்று எனக்கு இன்றும் கோபம் உண்டு.

பன்றி விரட்ட அப்பா ஒரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கி வைத்திருந்தார். எங்கே வாங்கியது என்று கேட்டால், "முருகன் குடுத்தது" என்பார். அதன் இரும்பில் இரண்டு வேல்கள், நுனியோடு நுனி முட்டுகிறாற்போல் பொறித்திருக்கும். ஆயுத பூஜைதோறும் அவற்றின் மேல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்போம். பழைய சந்தனத்தை வழிக்கக் கூடாது, சாமி குற்றம்.

எழுபதுகளில் அப்பா காலமானதும் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிற்று. காட்டு வீட்டில் தனியே இருந்த அக்கா லைசென்ஸைத் தன் பேருக்குக் கேட்டார். துப்பாக்கி எங்கே செய்தது, எப்படி வெளியே வந்தது என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க அனுப்பிவிடுவோம் என்றார்கள். காட்டை விற்றுவிட்டுக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கட்டும் என்று பங்காளிகள் பேசிக்கொண்டார்கள்.

துப்பாக்கியைக் கடையில் காட்டி வர ஸ்டேஷனில் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு நாங்கள் இருவரும் மதுரைக்கு ரயிலேறினோம். அம்மாவின் பழைய சேலையில் சுற்றி அக்கா அதை மடியில் கிடத்தியிருந்தார். பிள்ளை தூங்குகிறது என்று ஒரு பெரியவர் நகர்ந்து இடம்விட்டார். அவ்வளவு நீளப் பிள்ளை எந்த ஊரில் இருக்குமோ. ஜன்னலுக்கு வெளியே பருத்திக் காடுகள் கானலில் மிதந்தன. விழித்திருந்தேனா, உறங்கினேனா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

துப்பாக்கிக் கடைக்காரர் எண்ணெய்த் துணியால் சந்தனத்தை ஊறவைத்து ஏடு ஏடாக எடுத்தார். அடியில் ஒரு கிரீடம் தெரிந்தது, பிறகு நம்பர். வெள்ளைக்காரன் சீமையில் செய்து பட்டாளத்துக்கு அனுப்பியது என்றார்.

"வேலு போட்டிருக்கே அண்ணாச்சி?" என்றார் அக்கா.

"வேல் இல்லம்மா, அம்பு. ஒரு அம்புன்னா சர்க்கார் சொத்து. ரெண்டு அம்பு முட்டி நின்னா, இனி வேண்டாம்னு கழிச்சு வித்துட்டாங்கன்னு அர்த்தம்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "கவலைப்படாதீங்க. இந்தக் குறி இருக்கப் போய்த்தான் இது திருட்டுச் சாமான் இல்ல, முறையா வெளிய வந்ததுன்னு நான் எழுதித் தர முடியுது."

அக்கா கடை அதிரச் சிரித்தார். திரும்பும்போது ரயிலில் மெல்லச் சொன்னார்: "வேண்டாம்னு அனுப்புனதுக்கும் ஒரு குறி போட்டு அனுப்பிருக்கான் வெள்ளக்காரன். எனக்கு அதுகூட இல்லட்டி." அப்போதுதான் அவர் கண் கலங்கி நான் பார்த்தேன்.

அந்தக் கடையிலேயே துரு எடுத்து, வெடித்த கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டி, புது மாப்பிள்ளை போலத் துப்பாக்கி வந்தது. லைசென்ஸும் அக்கா பேரில் வந்தது. காட்டை யாரும் விற்கவில்லை. அந்த வருட ஆயுத பூஜையில் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"அதான் வேலு இல்லன்னு தெரிஞ்சு போச்சே, பெறகு எதுக்கு?" என்றேன்.

"வேண்டாம்னு எழுதுன எடத்துல பொட்டு வச்சா என்னட்டி தப்பு?"

பத்து வருடத்துக்கு மேல் அந்தக் காடு அவர் காவலில் விளைந்தது. போன வருடம் கடலை பறிப்பு முடிந்த கையோடு, காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை. அவரைத் திருப்பி அனுப்பிய கணவர் அதற்கு முன்பே காலமாகியிருந்ததால், நீராட்டியபின் நெற்றியை வெறுமையாக விடச் சொன்னார்கள். நான் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

காய்ச்சலில் உடனிருந்து பார்த்த காட்டு அயலாருக்கும், அன்று தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் பொட்டு வைத்தபோது என் கையைப் பிடித்துத் தடுக்காமல் நின்ற சொந்தங்களுக்கு என் தனி நன்றி.