படகுக்காரன், சிரி

எங்கள் கியோட்டோ ஸ்டுடியோவில் 'சிரி' என்றால் சிரிப்பது அல்ல. காமிராவுக்கு இடைஞ்சலாக இருப்பதை அப்புறப்படுத்து என்று அர்த்தம். "குடம், சிரி!" என்று டைரக்டர் கத்தினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எவன் கண்டுபிடித்த பாஷையோ, நாசமாய்ப் போக!

தோக்குஜியும் நானும் வாள்சண்டைப் படங்களில் வெட்டுப்பட்டுச் சாகிற ஆட்கள். அவனைப் போல விழ இன்னொருத்தன் பிறக்கவில்லை. என்ன புண்ணியம்? குப்புறத்தான் விழ வேண்டும். இருபது வருஷமாக ஜப்பான் முழுக்க அவன் முதுகைத்தான் பார்த்தது. அவன் மனைவி ஃபுசாயே ஒரு படம் விடாமல் பார்த்துவிட்டு வந்து புலம்புவாள்.

"இதுலயும் உங்க மூஞ்சியக் காணோம். நீங்க அங்க தரை கூட்டுறீங்கன்னு எங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு."

ஒரு நாள் அவனுக்குப் படகுக்காரன் வேஷம் கிடைத்தது. காமிராவைப் பார்த்து, "மழை வரும், ஐயா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வசனம். அதற்கே ஃபுசாயே சோற்றுருண்டை கட்டிக்கொண்டு படப்பிடிப்பு பார்க்க வந்துவிட்டாள். காலையில் செத்துப்போன நான், கழுத்து ரத்தச் சாயத்தைக்கூடக் கழுவாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஒத்திகை நடந்தது. தோக்குஜி நன்றாகத்தான் சொன்னான். ஹீரோ முகத்தைச் சுளித்தார்.

"நான் நிக்கிறப்ப பின்னாடி இன்னொரு மூஞ்சி எதுக்கு?"

டைரக்டர் யோசிக்கவே இல்லை.

"படகுக்காரன், சிரி!"

குடத்தையும் பாயையும் சொல்வார்கள். மனுஷனைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஃபுசாயே என் கையைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டீங்களாண்ணே? அவரைச் சிரிக்கச் சொல்றாங்க!" பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "ஏங்க, உம்முன்னு நிக்காதீங்க! நல்லாச் சிரிங்க!"

தோக்குஜி என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய முடியும்? நானும் நாளைக்கு இதே டைரக்டர் படத்தில் சாக வேண்டியவன்தானே. குனிந்துகொண்டு கழுத்துச் சாயத்தைச் சுரண்டினேன்.

அவன் துடுப்பைக் கீழே வைத்தான். அவள் பக்கம் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். டைரக்டரைக் குனிந்து வணங்கிவிட்டு, அந்தச் சிரிப்போடே வெளிச்சத்தை விட்டு விலகிப் போனான். காமிரா ஓடவே இல்லை.

"எவ்வளவு அழகாச் சிரிச்சாரு!" ஃபுசாயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துட்டாங்கல்ல, அண்ணே?"

"எடுத்துட்டாங்கம்மா" என்றேன்.