நீட்டிய கை

கேரம் பவுடரும் ஈரச் சுவரும் கலந்த அந்த வாசனை எங்காவது மூக்கில் பட்டால், கார்டன் ரீச்சில் எங்கள் ரயில்வே குடியிருப்பை ஒட்டியிருந்த கிளப்பும், சதுரங்கப் பலகைக்கு எதிரே காலாட்டியபடி உட்கார்ந்திருந்த பாபாயும் நினைவுக்கு வந்துவிடுவார்கள். யானைக் காயை அங்கே வங்காளத்தில் "நௌகா", அதாவது படகு, என்பார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தொடக்க ஆட்டங்களை நூலகப் புத்தகத்தைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன் என்பதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

அது சிறுவர் போட்டியின் கடைசி ஆட்டம். பாபாய் என்னைவிட அரைப் புள்ளி முன்னால் இருந்தான். அவனுக்கு டிரா போதும், நான் வென்றே ஆக வேண்டும், முதலிடம் வருபவரைத்தான் டெல்லிக்கு ஆட அனுப்புவார்கள். அதனால் கிங்ஸ் காம்பிட் ஆடினேன்: ராஜாவுக்குக் காவலாக நிற்கும் ஒரு சிப்பாயை இரண்டாவது நகர்த்தலிலேயே பலிகொடுத்துவிட்டு, அது விட்டுப்போன வழியிலேயே தாக்குகிற ஆட்டம். "பாகோல் நாகி?" பைத்தியமா என்று சிரித்தான் பாபாய். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. என் நௌகா திறந்த வழியில் இறங்கிவிட, நடுவில் மாட்டிக்கொண்ட அவன் ராஜாவுக்கு இன்னும் இரண்டே நகர்த்தலில் முடிவு. அப்போதுதான் அவன் பலகைக்கு மேலே கையை நீட்டி, "டிரா?" என்றான். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினால் ஆட்டம் சமம்.

வாசலில் அவனுடைய அப்பா, அலுவலகத்தில் எல்லோருக்கும் "சாஹேப்", நின்றிருந்தார். அவர் பையைச் சுமந்தபடி பின்னால் அவருடைய பியூன், என் அப்பா. அத்தனை வருஷ வேலையில் அப்பாவிடம் ஃபைலைத்தான் நீட்டியிருக்கிறார்கள். கையை ஒருவரும் நீட்டியதில்லை.

"பாப்பா, சார் புள்ள கை நீட்டிக்கிட்டு இருக்குது பாரு. குடும்மா," என்றார் அப்பா பதறி.

"இருங்கப்பா..."

"என்ன புள்ள நீ, மரியாத தெரியாம! குடு."

கொடுத்தேன். டெல்லிக்குப் பாபாய் போனான்.

இன்று கிளப் இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட ஜிம் நடக்கிறது. கேரம் பலகையும் இல்லை, சதுரங்க மேசையும் இல்லை. அப்பா மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "சாஹேப் மவன் எல்லார் முன்னாலயும் எம் பொண்ணுக்குக் கை குடுத்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒருமுறை பொறுக்க மாட்டாமல், அது நான் ஜெயிக்க இருந்த ஆட்டம் என்று சொல்லிவிட்டேன்.

"ஜெயிச்சிருந்தா அவன் கை குடுத்திருப்பானா?" என்றார்.

தோற்றவனும் கை கொடுத்துவிட்டுத்தான் எழ வேண்டும். அது ஆட்டத்தின் வழக்கம். இதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.