ஒரே பெட்டியில் விழுந்த பெயர்கள்

சுருளிக்கு வேகம் என்றால் கிறுக்கு. 1986-இல் மதுரை டவுனில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அவனும் தவசியும் புரோகிராம் எழுதினார்கள். இருவரும் தற்காலிகம். பால் சங்கம் ஒன்றுக்கு, உறுப்பினர் பெயரைக் கேட்டதும் எடுத்துத் தரும் புரோகிராம் வேண்டியிருந்தது. யாருடையது வேகமோ அவருக்கு நிரந்தர வேலை என்றார் முதலாளி. நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே கூலிவேலை பார்த்துப் படிக்கவைத்த அப்பா கருப்புக்கு, இனி மண்வெட்டியைத் தொட வேண்டாம் என்று சுருளி வாக்குக் கொடுத்திருந்தான்.

தவசி எழுதியது மரம். முழுப்பெயரையும் தகப்பன் பெயரையும் ஒப்பிட்டு, முன்னதா பின்னதா என்று கிளை கிளையாக இறங்கும். சுருளியினுடையது பெட்டிகள். பெயரின் முதல் மூன்று எழுத்தை வைத்துக் கணக்குப் போட்டு, அதற்கான பெட்டியில் சேர்த்துவிடும். தேடும்போது அந்த ஒரு பெட்டியைத் திறந்தால் போதும்.

"நீ மரம் ஏறி எறங்குறதுக்குள்ள நான் வீட்டுக்கே போயிருவேன் மாப்ள" என்று தவசியைச் சீண்டுவான்.

சோதித்துப் பார்க்கப் பெயர்கள் வேண்டுமே? மேசையில் கிடந்த டெலிபோன் டைரக்டரியைச் சுருளி எடுத்துக் கொடுத்தான். நான் தட்டித் தந்தேன். டாக்டர், வக்கீல், ஜவுளிக்கடைக்காரர் என்று பெயர்கள் பெட்டிகளில் அழகாகப் பரவின. கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. மரம் பக்கத்தில்கூட வரவில்லை.

போட்டியன்று சங்கத்துப் பெயர்களை ஏற்றினோம். கருப்பு, கருப்பையா, கருப்பாயி, கருப்பசாமி, மறுபடியும் கருப்பு. குலசாமி பேரைத்தானே வீட்டுக்கு வீடு வைப்பார்கள்! பாதிச் சங்கம் ஒரே பெட்டிக்குள் போய் விழுந்தது. சுருளியின் புரோகிராம் ஒவ்வொரு கருப்பையும் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. மரம் எப்போதோ முடித்துவிட்டது. எந்தக் கூலிக்காரன் வீட்டில் போன் இருந்தது, அவன் பேர் டைரக்டரியில் வர? பெற்ற தகப்பன் பேரையாவது இந்தக் கிறுக்கன் நினைத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

"ஒரு நாள் டயம் குடுங்க சார், முழுப்பேரையும் அப்பன் பேரையும் கணக்குல எடுத்துருவேன்" என்று கெஞ்சினான். முதலாளி அதற்குள் தவசிக்குக் கைகொடுத்துவிட்டார்.

சுருளியைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் அவன் ஊருக்குப் போனேன். அவன் அப்பா வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"வேலை என்னய்யா ஆச்சு?"

"கெடைக்கலப்பா. அம்புட்டுப் பேரும் கருப்பு கருப்புன்னே இருந்துச்சு. மெசின் திணறிப்போச்சு."

அவர் மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்தார். "நாங்க சாமி பேரு வச்சது தப்பாய்யா?" என்றார்.

இல்லை என்று சுருளி உடனே சொல்லியிருக்க வேண்டும். அழுகை வந்துவிட, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் அதைத் தப்புத்தான் என்று எடுத்துக்கொண்டார். மறுநாளும் கூலிக்குப் போனார்.

பிறகு சுருளிக்குக் கல்யாணமாகி மகன் பிறந்தான். அப்போது அவன் சிமெண்டுக் கடையில் வேலை பார்த்தான்; கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை. தாத்தா பேரைத்தான் வைக்கப்போகிறார்கள் என்று எல்லோரும் கோயிலில் காத்திருந்தோம்.

பெரியவர் பேரனை மகன் கையில் கொடுத்தார்.

"எம்பேரு வேணாம்யா. ஒங்க மெசினுக்கு எது தோதோ, அந்தப் பேர வையி."