டையின் மேல் ஒரு மஞ்சள் கோடு

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. வழிபாட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உறவினர்களும் நண்பர்களும் நான் எழுதியிருப்பதைக் கடைசி வரி வரை படிக்க வேண்டுகிறேன்.

சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு மேட்டுக்காட்டில் அண்ணன் பிறந்தார். அப்பா தவறியபோது எட்டாம் வகுப்பு. படிப்பை விட்டுவிட்டு லாரிப் பட்டறையில் லேத் வேலைக்கு நின்றார். அந்த உழைப்பில்தான் நான் கல்லூரிக்குப் போனேன், துப்பாக்கி சுடவும் கற்றேன். நான் உறுப்பினராக இருந்த ரைபிள் சங்கத்தில், உரிமத்தோடு தோட்டாக்களை மறுபடி நிரப்பும் வேலைக்கு நிதானமான கை தேவைப்பட்டது. அண்ணனைச் சேர்த்துவிட்டேன்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு சற்று உப்பிவிடும். பிரஸ் என்னும் கருவியின் கைப்பிடியை இறக்கி, டை என்னும் எஃகு அச்சுக்குள் அழுத்தி அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மயிரிழை கூடினாலும் துப்பாக்கியின் பின்வாயை மூடும் போல்ட் சாத்தாது. அண்ணன் டையைச் சரியான இடத்தில் நிறுத்தி, அதையும் பிரஸ்ஸையும் சேர்த்து லாரி பெயிண்டால் ஒரு மஞ்சள் கோடு இழுத்திருந்தார். டை நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். "நாம அவசரப்பட்டா பித்தளைக்குத் தெரியுமுங்களா?" என்று சங்கச் செயலாளரையே கேட்டவர் அவர்.

மாநிலப் போட்டிக்கு முந்தைய வாரம், அண்ணியின் தம்பி கல்யாணத்துக்காக அண்ணன் சேந்தமங்கலம் போக வேண்டியிருந்தது. மீதிக் கூடுகளை நான் அழுத்துவதாகச் சொன்னேன்.

"கைப்பிடி இறுகுச்சுன்னா எண்ணெ பத்தலைன்னு அர்த்தம் சாமி. தொடச்சுட்டு மறுபடி தடவு. டையத் தொட்டுறாத. கேஜுல போட்டு அளவு பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

பாதியிலேயே கைப்பிடி இறுகியது. ஒரு கூடு உள்ளே சிக்கிக்கொள்ள, படாத பாடு பட்டு எடுத்தேன். ஒவ்வொன்றையும் துடைத்து எண்ணெய் தடவ எனக்குப் பொறுமை இல்லை. டையைக் கால் சுற்று தளர்த்தினேன். கைப்பிடி சுலபமாக இறங்கியது. கேஜை எடுக்கவே இல்லை. அடுத்து வெடிமருந்து நிரப்பும் சங்கத்து ஆள் அவை அண்ணன் அழுத்திய கூடுகள் என்று நம்பி நிரப்பிக் கொடுத்தார்.

போட்டியில் இரண்டாவது தோட்டாவுக்கே போல்ட் சாத்தவில்லை. அடுத்ததற்கும் இல்லை. எங்கள் அணி வெளியேறியது. யார் அழுத்தியது என்று சங்கத்தில் கேட்டார்கள். "அண்ணன்" என்றேன்.

அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிரஸ் அருகே போய்ப் பார்த்தார். மஞ்சள் கோடு விலகியிருந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். "என்ற கைதானுங்க தவறிருச்சு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வேலை போயிற்று. மறுபடியும் லாரிப் பட்டறை. விசேஷ வீடுகளில் "பொறுப்பில்லாம தோட்டாவக் கெடுத்தவன்" என்று கேலி பேசியபோதும் அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார். நான் அதே பந்தியில் இருந்தேன்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் அவருடனேயே இருந்தேன். தினமும் சொல்லிவிட நினைப்பேன். நான் வாயெடுக்கும் முன்பே "சாப்பிட்டியா சாமி?" என்பார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். அப்படியே அவரை அனுப்பிவிட்டேன்.

ரத்தம் கொடுத்த பட்டறை நண்பர்களுக்கும், வாராவாரம் மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போன பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனைக் கேலி பேசியவர்களை நான் குறை சொல்ல முடியாது. நான் சொன்னதைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"அச்சடிங்க தம்பி" என்றார். "ஆனா அவரு காதுல உழுகறப்பவே நாலு பேரு முன்னால சொல்லியிருக்கலாமுங்க."