கையை எடு

எங்கள் அப்பா நாற்பத்திரண்டு வயதில் வெள்ளகோவில் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். அண்ணன் முப்பத்தெட்டில். சோறு தின்ற கையைக் கழுவிவிட்டுத் துண்டை எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஊரில் சாபம் என்றார்கள், செய்வினை என்றார்கள். ஒருத்தர் வீட்டு வாசலையே திருப்பி வைக்கச் சொன்னார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். என் நங்கையா இதில் எதையும் காதில் வாங்கவில்லை. அண்ணனைக் கொண்டுபோய் இறக்கிய ஆசுபத்திரியில் டாக்டர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார்: "இவங்கப்பாவும் இப்படித்தான் போனாரா? அப்ப மிச்சமிருக்கறவங்க ரத்தத்தைப் பார்த்துருங்கம்மா."

மிச்சமிருந்தது அண்ணனின் ஒன்பது வயது மகளும் நானும்.

மகளை அடுத்த மாதமே கோயமுத்தூருக்குப் பஸ் ஏற்றிக் கூட்டி வந்து ரத்தம் பார்த்தார். பிள்ளைக்கும் இருந்தது. ரத்தத்தில் கொழுப்பு, அப்பன்வழி வந்தது. அழுது முடித்த கையோடு அடுப்படியை மாற்றினார். பருப்புச் சோற்றுக்கு நெய் நின்றது. கறி மாதத்துக்கு ஒருதரம், அதுவும் தோலுரித்த கோழி. கம்பு, ராகிக் களி, கொள்ளு, தோட்டத்துக் கீரை. தேங்காய் அரைக்காமல் எங்கள் ஆட்கள் குழம்பு வைப்பதாவது! நங்கையா வைத்தார். ஊருக்குப் போனபோது நான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் மகளும் அம்மாவுமாக நடைதான்.

நான் கோயமுத்தூரில் ஒரு பம்புசெட்டுப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயது, ஈர்க்குச்சி உடம்பு. பட்டறை போனுக்கு வாரம் தவறாமல் கூப்பிடுவார்.

"ஏனுங்க, ரத்தம் பார்த்துட்டீங்களா?"

"பார்க்கறேனுங்க நங்கையா."

"எப்பங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கொழுப்பு குண்டனுக்கல்லவா இருக்கும், எனக்கெதற்கு இந்தத் தலைவலி! நிஜத்தைச் சொன்னால், பயம். பார்த்தால் இருக்கும் என்று உள்ளுக்குள் தெரியும். அந்தப் பயத்துக்கு ஒரு சிகரெட் பற்ற வைப்பேன். அட, என்ன புத்தியோ!

அடுத்த வருஷம் குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டினோம். எங்கள் ஊர்ப் பந்தி தெரியுமல்லவா? "போதுங்க" என்றால் கூச்சப்படுகிறான் என்று அர்த்தம். இன்னொரு கரண்டி விழும். ஈரல், குடல், எண்ணெய் மிதக்கிற குழம்பு என்று என் இலையில் குமித்துவிட்டார்கள். பிசைந்து முதல் உருண்டையை எடுத்தேன்.

"கையை எடு!"

நிமிர்ந்தால் எதிரே நங்கையா. தாலியறுத்தவள் என்று சமையல் பக்கமே ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர் இருநூறு பேர் சாப்பிடுகிற பந்திக்கு நடுவில் வந்து நின்றார். எங்கள் ஆட்கள் நாயை விரட்டினால்கூட "போங்க" என்பார்கள். கல்யாணமாகி வந்த நாள் முதல் நங்கையா என்னிடம் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எந்திரி. நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் குடுக்கோணும். நானும் வாரேன்."

பக்கத்து இலைப் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "ஏனம்மணி, பந்தியில உக்காந்தவனை எழுப்பறது நல்லாவா இருக்குது?"

"நல்லாருக்காதுங்க மாமா. இவரையும் பாடையில வெச்சாத்தான் நல்லாருக்குங்களா?"

எனக்கு மானம் போனது. இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ரத்தம் கொடுத்தேன். டாக்டர் என் குதிகாலுக்கு மேலிருக்கும் தடித்த நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்தது. வெறுங்காலில் மம்பட்டி வேலை செய்து காய்த்துப் போனது என்றே நினைத்திருந்தோம். காய்ப்பு இல்லையாம், அங்கேயும் கொழுப்பாம். சாயங்காலம் ரிசல்ட் வந்தது. இருந்தது. ஒல்லி, குண்டு கணக்கே இதற்குக் கிடையாது, பிறக்கும்போதே வந்தது என்றார் டாக்டர். பத்தியம் வேண்டும், ஆனால் பத்தியம் மட்டும் போதாது. ஆயுசுக்கும் மாத்திரை, தினமும் நடை. சிகரெட் இன்றோடு சரி. நெஞ்சு வலித்தால் வாயு என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. நங்கையா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர், இந்தக் கடைசி வார்த்தைக்கு மட்டும் குனிந்துகொண்டார்.

அந்த மாத்திரையை இன்றைக்கும் சாப்பிடுகிறேன். அப்பாவின் வயதைத் தாண்டி எத்தனையோ வருஷமாகிறது. ரத்த சொந்தமில்லாத ஒரு பெண் பிடிவாதமாகப் பிடித்து நிறுத்திய உயிர் இது. அவரைப் போல ஓர் ஆளை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு இந்த நன்றியெல்லாம் எங்கே இருந்தது? பஸ் ஸ்டாப்பில் நின்று சண்டைதான் பிடித்தேன். "இருந்தாலும் அத்தனை பேர் முன்னால என்னை அப்படிப் பேசலாமுங்களா, நங்கையா?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கண்ணனுக்கு மூணு நாள் முந்தியே நெஞ்சு வலிச்சுதுங்க. 'ஏனுங்க, ஆசுபத்திரிக்குப் போலாமுங்களா'ன்னு கேட்டேன். வாயுன்னாரு. சோடா வாங்கிட்டு வரச் சொன்னாரு. 'சரிங்க'ன்னு வாங்கிக் குடுத்துப்போட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு மருவாதி பார்த்துட்டேனுங்க."