முகூர்த்தத்துக்குக் குறுக்கே விழுந்த மரம்

கோம்பையில் பிச்சையம்மாளின் வீட்டுக்கு யார் எந்த நேரம் போனாலும் தட்டு விழும். நாலு பிள்ளைகள், பதினோரு பேரப்பிள்ளைகள். தோட்டத்துக்குப் போகிறவனுக்குக் கஞ்சி, பள்ளிக்கூடம் போகிறவளுக்குத் தயிர்ச்சோறு, பிரசவத்துக்கு வந்த மகளுக்குப் பூண்டுக் குழம்பு என்று விடிந்ததிலிருந்து அவள் கை ஓயாது. ஊரைத் தாண்டினால் உத்தமபாளையம் சந்தை. அதற்கு மேல் போக அவளுக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை.

மூத்த பேரன் திலீபனுக்கு அப்பத்தா என்றாலே நினைவுக்கு வருவது 2005 ஆவணியில் நடந்த அவனுடைய கல்யாணந்தான்.

பெண் முத்துலட்சுமிக்கு ஊர் மலைக்கு மேலே குமுளி. கல்யாணமும் அங்கேதான். புறப்படுகிற அன்று அதிகாலையில் அப்பத்தா ஒரு அண்டா நிறையப் புளியோதரை கிளறி வேனில் ஏற்றச் சொன்னாள். திலீபனின் அப்பா சண்முகராஜுக்கு மானம் போகிறாற்போல் ஆகிவிட்டது.

"ஆத்தா, நமக்கு ஆக்கிப் போடத்தான கூப்பிட்டிருக்காக? அண்டாவத் தூக்கிட்டுப் போனா என்ன நெனைப்பாக?"

"நெனைச்சுட்டுப் போறாக. மலையேறுனா பிள்ளைகளுக்கு வயிறு பசிக்கும்."

அவளோடு பேசி ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் கிடையாது. அண்டா ஏறியது.

லோயர் கேம்ப்பைத் தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் வண்டி நின்றது. முந்தின நாள் மழையில் ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. முன்னால் ஒரு பஸ், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற இரண்டு ஜீப்புகள், பின்னால் வரிசை. மணி எட்டு. முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது. பட்டு வேட்டியோடு இறங்கிய திலீபன் மரத்தைப் பார்த்தான், அழுகை வரும்போலிருந்தது.

அப்பத்தா மரத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் அழுதுகொண்டிருந்த பஸ் குழந்தைகளைப் பார்த்தாள். "எலைய எடு" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு அண்டாவைத் திறந்தாள். பஸ்காரர்கள் சாப்பிட்டார்கள், கண்டக்டர் சாப்பிட்டார், ஜீப் பெண்கள் சாப்பிட்டார்கள். அந்தப் பெண்களில் மூத்தவளான அக்கம்மாள் கை கழுவிவிட்டுக் கேட்டாள்:

"ஆரு மாப்பிள்ள பெரியாத்தா?"

"இந்தா, சேத்துல வேட்டிய நனைச்சுக்கிட்டு நிக்கிறானே, இவந்தான்."

அக்கம்மாள் சேலையைத் தூக்கிச் சொருகினாள். தோட்டத்துக்குக் கொண்டுபோகும் அரிவாள்கள் ஜீப்பிலிருந்து இறங்கின. பெண்கள் கிளைகளை வெட்ட, ஆண்கள் இழுத்துப் போட்டார்கள். ஒன்பதரைக்கு ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி பிறந்தது. வண்டி போகாது.

திலீபனின் செல்போனில் பெண்ணின் அப்பா கர்ணன் பேசினார். "வேற நாள் பாக்கலாமா மாப்ள?"

அப்பத்தா போனை வாங்கினாள். "தம்பி, நீங்க வண்டி அனுப்பி நாங்க மேல வர்றதுக்குள்ள முகூர்த்தம் போயிரும். தாலி எங்க கையில இருக்கு. இங்கன ரோட்டோரம் அம்மன் கோயில் இருக்கு. பிள்ளையக் கூட்டிட்டு வாங்க."

பத்து மணிக்கு மரத்தின் அந்தப் பக்கம் ஒரு ஜீப் வந்து நின்றது. முத்துலட்சுமி கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வெட்டிய கிளைகளுக்கிடையே குனிந்து வந்தாள். தலையில் மல்லிகையோடு நாலு பச்சை இலையும் ஒட்டியிருந்தன. திலீபனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும்.

பத்தேகாலுக்குப் பூசாரி தாலி எடுத்துக் கொடுத்தார். முப்பது ஏலத்தோட்டத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் குலவையிட்டார்கள். மலையில் அது பட்டுத் திரும்பியது. பஸ் டிரைவர் மேளத்துக்குப் பதிலாக ஹாரனை அழுத்தினார்.

மரத்தை முழுக்க அகற்றி வண்டிகள் மேலே போனபோது மணி ஒன்று. அக்கம்மாளின் ஆட்கள் அத்தனை பேரையும் அப்பத்தா விடாமல் குமுளி மண்டபத்துக்கு இழுத்துப்போனாள். பரிமாறுகிறவர்களுக்கு நடுவே வாளியைத் தேடிக்கொண்டிருந்தவளைப் புதுப்பெண் வந்து தோளைப் பிடித்து உட்கார்த்தி, இலை போட்டாள்.

பிறர் பரிமாறி அப்பத்தா சாப்பிட்டதைத் திலீபன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். அவள் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். பிறகு ஒரு வாய் வைத்தாள்.

"சாம்பாருக்கு உப்புப் பத்தல" என்றாள். "இன்னொரு கரண்டி ஊத்து தாயி."