‘போதுமான அளவு’ என்றால் எவ்வளவு?

போன திங்கட்கிழமை உச்சி வெயிலில் ஒரு அதிகாரி, “குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டார். எதிரில் நாற்பது வீட்டு ஜனம். ஒருவர்கூட அசையவில்லை.

நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தேன். என் தோள்பையில் ஒரு முழு வாட்டர் பாட்டில் இருந்தது. நானும் அசையவில்லை!

கல் நெஞ்சக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் யார் வீட்டு வாசலை மிதித்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். அப்புறம்தான், ‘யாருங்க, என்ன சமாச்சாரம்’ எல்லாம். கரண்ட் ரீடிங் எடுக்க வருபவருக்கும் சொம்பு, ஓட்டுக் கேட்டு வருபவருக்கும் சொம்பு. அப்படிப்பட்ட ஊர் அன்றைக்கு ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது?

எல்லாம் ஓர் அரசாங்க அறிக்கை செய்த வேலை.

அந்த ஊரில்தான் என் மனைவியின் தங்கை பூங்கோதை இருக்கிறாள். கணவர் லாரி டிரைவர். நாக்பூர் பக்கம் லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர நாளாகும். இவளுக்கு, முட்டையைத் தரம் பிரித்து அட்டையில் அடுக்கும் ஷெட்டில் வேலை. ஊருக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். அதுவும் காலை பத்து மணிக்கு! பத்து மணிக்கு ஷெட்டில் இருக்க வேண்டியவள் குழாயடியில் எப்படி இருப்பாள்? அதனால் தண்ணீர் வருகிற நாளெல்லாம் லீவு.

ஷெட் சூப்பர்வைசரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? “இன்னொருக்கா தண்ணி லீவுன்னு போன் பண்ணினா, அப்பறம் நீ வரவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் புதிய குடிநீர்த் திட்டத்துக்கு வரைவு அறிக்கை வந்தது. எந்தெந்த ஊருக்கு முதலில் குழாய் என்று அதில் பட்டியல். பூங்கோதை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நகல் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி, அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“மாமா, நீங்க பத்திரிகைல எழுதறவீங்க. இதுல எங்கூரப் பத்தி என்ன போட்டிருக்குதுன்னு சொல்லுங்க. எனக்குப் படிக்க முடியுது, புரிய மாட்டீங்குது.”

எனக்கு மட்டும் உடனே புரிந்ததா என்ன? அரசாங்க அறிக்கையில் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா? எல்லாம் தானாகவே ‘ஆய்வு செய்யப்பட்டு, கண்டறியப்பட்டு, வழங்கப்பட்டு’ வரும். மூன்று தடவை படித்த பிறகு அந்த வரி அகப்பட்டது.

‘மேற்படி குக்கிராமத்தில் குடிநீர் போதுமான அளவு கிடைக்கப்பெறுவது கள ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. எனவே, முதற்கட்டப் பணியில் சேர்க்கத் தேவை எழவில்லை.’

“போதுமான அளவா? ஆரு மாமா கண்டுபுடிச்சது?”

“கள ஆய்வுன்னா யாராவது நேர்ல வந்து கேட்டிருக்கணுமே பூங்கோதை. வந்தாங்களா?”

யோசித்தாள்.

“ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு அம்மிணி டேப்லெட்டு வெச்சுக்கிட்டு வந்துச்சுங்க. பாவம், வெயில்ல மூஞ்சியெல்லாம் செவந்துபோயி… ஒக்கார வெச்சு, சொம்புல தண்ணி குடுத்தனுங்க. பாதி குடிச்சுப்போட்டு, ‘தண்ணி போதுமான அளவு இருக்குங்களா’ன்னு கேட்டுச்சு.”

“நீ என்ன சொன்னே?”

“இன்னங்கொஞ்சம் கேக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். ‘இருக்குது சாமி, வேணுங்கற மட்டும் குடிங்க’ன்னு சொன்னனுங்க.”

 சிரிக்க ஆரம்பித்த என் மனைவி, நிறுத்த முடியாமல் அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் பூங்கோதை சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்க மாமா. எனக்கு வேல போயிருமுங்க.”

சட்டென்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஊருக்குப் போய் அவள் வீடு வீடாக விசாரித்தாள். நாற்பது வீட்டிலும் இதே கதை! அந்தப் பெண் கேட்டது ஒன்று, இவர்கள் உபசரித்தது வேறு. ஒரு வீட்டில் தண்ணீரோடு மோரும் கொடுத்திருக்கிறார்கள். நல்லவேளை, ‘மோரும் போதுமான அளவு கிடைக்கப்பெறுகிறது’ என்று அறிக்கையில் எழுதாமல் விட்டார்கள்.

ஆட்சேபனை இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. விடுவேனா? நான்கு பக்கத்துக்கு ஒரு மனு தயார் செய்தேன். பத்தி பிரித்து, எண் கொடுத்து, ‘மேலும்’, ‘எனவே’, ‘இதன்பொருட்டு’ எல்லாம் போட்டு… அப்படி ஒரு மனு! பூங்கோதை பொறுமையாகப் படித்தாள்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. இதும் அவிங்க எழுதுனாப்பலயே இருக்குது.”

எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டுமா? நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவளே எழுதினாள். ‘அய்யா, எங்கள் ஊரில் தண்ணீர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள்.’ அவ்வளவுதான். கீழே நாற்பது வீட்டுக் கையெழுத்து.

அந்த மூன்று வரிக்குத்தான் அதிகாரி வந்தார்.

வருவதற்கு முதல் நாள் ஊர் கூடியது. பூங்கோதை கறாராகச் சொல்லிவிட்டாள் — நாளைக்கு யாரும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. டேங்க் வால்வைத் திறந்துவிடும் பழனியப்பனுக்கு மனசே ஒப்பவில்லை. “ஏனுங்க, ஊட்டுக்கு வந்தவீங்களுக்குத் தண்ணி குடுக்காம எப்படீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் அரைமனதாகத் தலையாட்டினார்.

மறுநாள் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். தெருத் தெருவாக நடந்தார், டேங்கைப் பார்த்தார், குழாயைத் திருகிப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பூங்கோதை வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

எல்லோரும் பூங்கோதையைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.  கொடுத்தால் பழையபடி ‘போதுமான அளவு’ ஆகிவிடுமோ? கொடுக்காவிட்டால்… தாகத்தோடு வந்த மனுஷனை வாசலில் நிறுத்தி வைத்த ஊர் என்று ஆகாதா?

விறுவிறுவென்று உள்ளே போனாள். சொம்போடு வந்தாள்.

“குடிங்க சார். ஆனா ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. இது போன செவ்வாக்கெழம புடிச்ச தண்ணி. இனி நாளான்னிக்குத்தான் வரும்.”

அதிகாரி பாதியில் நிறுத்தினார். சொம்பைப் பார்த்தார். “உள்ள இன்னும் எவ்வளவு இருக்கும்மா?”

“ரெண்டு கொடமுங்க. நீங்க குடிங்க, நாங்க பாத்துக்கறோம்.”

“சர்வேக்கு வந்த பொண்ணுக்கும் இப்படித்தான் சொம்புல குடுத்தீங்களா?”

“ஆமாங்க.”

“எல்லா வீட்லயுமா?”

“ஆமாங்க!” — நாற்பது வீடும் ஒரே குரலில்.

மிச்சத்தைக் குடிக்கப் போனவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறி, பழனியப்பன்தான் ஓடிவந்து தலையில் தட்டினார். அப்புறம் மனிதர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் ஃபைலில் இருந்த அந்த வரியைப் பேனாவால் ஒரே கோடாக அடித்தார். திருத்திய அறிக்கையில் ஊர் பெயர் முதற்கட்டத்தில் வரும் என்றார்.

“சரி, அதென்ன பத்து மணிக் கணக்கு?” என்று பழனியப்பனைக் கேட்டார்.

“எப்பவுமே அப்பிடித்தானுங்க சார்.”

“சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்தா?”

“தொறக்கலாமுங்களே!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூங்கோதையைத் தனியே அழைத்து, “இதை நீ முன்னாடியே பழனியப்பன்கிட்டக் கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“அவருகிட்டப் போயி எப்படீங்க மாமா கொறை சொல்றது? ஒறம்பரை வேற!”

சொந்தக்காரராம்! எட்டு நாளைக்கு ஒருமுறை வேலைக்கு உலை வைத்துக்கொண்டாலும் சொந்தக்காரர் மனம் நோகக் கூடாது. சர்வேக்கு வந்த பெண்ணின் தாகம் தீர வேண்டும். இப்படிப்பட்ட ஜனங்களிடம் ‘குறை ஏதும் உண்டா?’ என்று கேட்டு அறிக்கை தயாரித்தால் தமிழ்நாட்டில் குறையே இருக்காது! இனி சர்வேக்குப் போகிறவர்கள் கேட்பதைக் கேட்டுக்கொண்டு, குடத்தையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும். இவர்களும் உபசாரத்தை முடித்துவிட்டு, வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லட்டும்.

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு பூங்கோதை போன் செய்தாள். பின்னால் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம்.

“மாமா, தண்ணி புடிச்சுட்டு இருக்கறனுங்க. காலைல ஷெட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன்.”

“பேஷ்! சூப்பர்வைசர் என்ன சொன்னார்?”

“திட்டுனாருங்க மாமா… தண்ணி வர்ற நாளும் அதுவுமா இங்க என்ன பண்றே, ஊட்டுல ஆரு தண்ணி புடிப்பான்னு!”